வாரம் நூறு மீன்

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீ, அத்தான், நம் குட்டிப் பெண் வாலு மூவரும் நலமா? உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. ஆய்வுக்கூடம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. எனக்குக் கொடுத்த மேஜைக்கு மேலே ஒரு ஜன்னல் உண்டு, திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர் தெரியும். கடலைப் படிக்கக் கடலை விட்டு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் வந்திருக்கிறேன். சிரிக்காதே.

என் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சராசரி. எதைக் கேட்டாலும் சராசரி எடுத்துத்தான் பதில் சொல்வார். முதல் நாளே, "வீட்ல படகு இருக்காமே? அதனால மீனப் பத்தித் தெரியும்னு நெனச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார்.

வேலை இதுதான். கடலுக்குள் இருக்கும் மீனை யாரும் எண்ண முடியாது. ஆனால் கரைக்கு வரும் மீனின் நீளமும் வயதும் தெரிந்தால், உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கணித்துவிடலாம். மீனின் தலைக்குள் குருணை அளவில் செவிக்கல் என்று ஒன்று இருக்கும். அதை அறுத்துப் பார்த்தால் வருடத்துக்கு ஒரு வளையம். ஒரு தெருவில் குழந்தைகள் மட்டும் இருந்து பெரியவர் ஒருவர்கூட இல்லை என்றால், அங்கே ஏதோ நடந்திருக்கிறது என்று புரியும் அல்லவா? மீனுக்கும் அப்படித்தான்.

ஏலக்கூடத்தில் எடை போடுகிறவள் நீ. உன் கையைத் தாண்டாமல் ஒரு மீனும் வெளியே போகாது. என் ஆய்வுத் தலைப்பு நம் ஊர்க் கடலில் பிடிபடும் கோட்டு மீன். வாரம் நூறு கோட்டு மீன் அளந்து, செவிக்கல்லை எடுத்துப் பொட்டலம் கட்டி அனுப்புவாயா? ஒரே ஒரு விதி. பெட்டியைக் கவிழ்த்து, கைக்கு வந்தபடி அளக்க வேண்டும். தேர்ந்தெடுக்கக் கூடாது. அளவுப் பலகை தனியாக வரும்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். என் இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. உன் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விடுதிச் சமையல் எப்படி என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

போனில் பேசலாமே என்று கேட்காதே. ஏலக்கூடத்துப் போனை எடுத்து நான் ஹலோ சொன்னால் நாற்பது காது நீளும். பொட்டலம் எப்படியும் தபாலில்தான் வர வேண்டும், கூடவே கடிதமும் வரட்டும்.

பலகை வந்தது. உன் அத்தான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்காவும் தம்பியும் மீனுக்குச் சட்ட தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அன்றிலிருந்து படகுக்காரர்களுக்கு நான் தையல்காரி. நீ சொன்னபடி பெட்டியைக் கவிழ்த்து, வந்தது வந்தபடி அளந்தேன். தலையைப் பிளந்து கல்லை எடுக்கக் கை பழகுவதற்குள் கொஞ்சம் மீன் வீணாகிவிட்டது. வாலு பக்கத்தில் உட்கார்ந்து நீளத்தை எழுதினாள். ஒன்பதை இன்னும் திருப்பித்தான் போடுகிறாள், பார்த்துக்கொள்.

எல்லாம் பொடிசு. பாதிக்கு மேல் ஒரு சாண் தேறாது. உனக்கு அனுப்பவே எனக்குக் கூச்சமாக இருந்தது. விதி என்று சொல்லிவிட்டாயே என்றுதான் அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலம்தானே?

பொட்டலங்கள் ஒழுங்காக வருகின்றன. நானும் காலையில் இறங்கி மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் சாயங்காலம்தான் எடுக்கிறேன். வந்த கல்லில் முக்கால்வாசிக்கு ஒரு வளையம், மிச்சத்துக்கு இரண்டு. அதற்கு மேல் இல்லை.

சராசரி என் அட்டவணையைப் பார்த்தார். "ஒரு வயசு மீன வச்சு என்ன வளர்ச்சிக் கோடு போடுவீங்க? ஒத்தப் புள்ளியில கோடு வருமா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். வயது கூடக் கூட மீன் எவ்வளவு நீளும் என்று காட்டுவதுதான் அந்தக் கோடு. அடுத்த மாதம் ஆய்வுக் குழு கூடுகிறது. இதே நிலைமை என்றால் என் தலைப்பை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு என்னை மீன் தீவனப் பிரிவுக்கு மாற்றுவார்களாம். வருடம் முழுக்க மாவு பிசைய வேண்டியதுதான். விட்டுவிட்டு வீட்டுக்கும் வர முடியாது. படிப்பு முடிந்து ஐந்து வருடம் மீன்வளத் துறையில் வேலை பார்ப்பேன் என்று சேரும்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

தூக்கம் சரியாக இல்லை. அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

இவ்வளவு பெரிய கடலில் ஏதாவது ஒரு மூலையில் பெரிய மீன் இருக்கத்தானே வேண்டும்? உன் கண்ணில் படவே இல்லையா அக்கா?

தம்பி


செப்டம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீ எதற்கும் கவலைப்படாதே. நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

இந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு எழுது. ஒவ்வொரு கல்லும் பயறு மாதிரி இருக்கிறது. இனி இப்படியே வரும்.

இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலிக்கிறது. கடைசிப் படகு வரும்வரை நிற்கிறேன், அதனால்தான். வேறு ஒன்றுமில்லை.

அக்கா


டிசம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

மிகவும் நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

இத்தனை நாள் எழுதாததற்குத் திட்டாதே, வேலை அப்படி. நான்கு வளையம், ஐந்து வளையம், ஒன்றில் ஏழு. ஏழு வளையத்தைப் பார்த்த அன்று பக்கத்து மேஜைக்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சராசரி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். வளர்ச்சிக் கோடு அழகாக வளைந்து வந்திருக்கிறது. கணிப்பு அறிக்கையைத் துறைக்கு அனுப்பிவிட்டார், என் பெயரையும் சேர்த்து. கோட்டு மீன் இருப்பு நன்றாக இருக்கிறது என்பதுதான் முடிவு.

மழைக்குப் பிறகு பெரிய மீன் கரைப் பக்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். காரணம் எதுவாக இருந்தாலும் நல்லது நடந்துவிட்டது. நீ இல்லையென்றால் நான் இப்போது மாவு பிசைந்துகொண்டிருப்பேன்.

இடுப்புக்கு டாக்டரைப் பார்த்தாயா?

அன்புடன்,
தம்பி


மார்ச் 5

அன்புத் தம்பிக்கு,

சுகம். நீ இளைத்திருக்கிறாய் என்று அங்கே உன்னைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பையன் வந்து சொன்னான். என்னிடம் ஏன் மறைக்கிறாய்?

உத்தரவு வந்துவிட்டது. முட்டைக் காலத்தில் படகு இறக்கக் கூடாது என்ற தடையை எடுத்துவிட்டார்கள். மீனவர் சங்கச் செயலாளர் ஏலக்கூடத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று படித்தார். "நம்ம தையல்காரி தம்பி போட்ட கணக்கு" என்று ஒருவர் சத்தமாகச் சொன்னார். அன்றைக்கு என்னை எல்லோரும் வாங்க போங்க என்று கூப்பிட்டார்கள், எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் எடை வேலையையும் நிரந்தரமாக்கிவிட்டார்கள். உன் அத்தான் புது வலை வாங்கிவிட்டார். கூட இரண்டு ஆளும் சேர்த்திருக்கிறார்.

அவர் இப்போதெல்லாம் போனால் மறுநாள்தான் திரும்புகிறார். மீன் இருக்கிறது, கொஞ்சம் தள்ளி இருக்கிறது, அவ்வளவுதான். நீ உன் படிப்பைப் பார்.

அக்கா


மே 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

போன மாதம் ஆய்வுக் கப்பலில் போனேன். படகுக்காரர் வீட்டுப் பிள்ளை என்று கப்பல் சமையல்காரர் முதல் நாள் ஒரு கரண்டி கூடப் போட்டார். அதையும் சேர்த்து வாந்தி எடுத்தேன். அத்தானிடம் சொல்லாதே, மானம் போய்விடும்.

நம் துறைமுகத்துக்கு நேர் எதிரேயும், அதைத் தாண்டி ஆழக் கடலிலும் வலை போட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் மேல்தளத்து மேஜையில் கொட்டி எல்லாவற்றையும் அளந்தோம். கோட்டு மீன் எல்லாம் பொடிசு அக்கா. இரண்டு வளையத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. கடைசி நாள் வரை நான்தான் மேஜையில் நின்றேன், பார்க்காமல் விட்டிருக்க வழியே இல்லை.

திரும்பி வந்து சராசரியிடம் சொன்னேன். "கப்பல் வலையில பெரிய மீன் தப்பிச்சிடும். தொறமொகத்துக் கணக்குதான் நம்பிக்கையானது. உங்க அக்கா கையால அளந்ததுதானே?" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்கா, நீ மீனை எப்படி எடுத்து அளக்கிறாய்? பெட்டியைக் கவிழ்ப்பதிலிருந்து ஒவ்வொன்றாக எழுது.

தம்பி


ஜூன் 6

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. பேசினால் காற்றுதான் வருகிறது, ஆனாலும் பேச்சு குறையவில்லை. பின்பக்கக் கூரையில் ஒரு தகடு பறந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஏலக்கூடத்தில் புதுத் தராசு வந்திருக்கிறது. முள் இல்லாமல் எண் எரிகிற மாதிரி. எனக்குப் பழசுதான் பிடிக்கும்.

கப்பலில் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே.

இந்த வாரம் பொட்டலம் அனுப்ப முடியவில்லை. பெரிதாக ஒன்றும் வரவில்லை.

அக்கா


ஜூன் 15

அக்கா,

உன் கடிதத்தின் கடைசி வரியைப் பலமுறை படித்துவிட்டேன். நான் கேட்டதற்குப் பதில் வேண்டும்.

தம்பி


ஜூன் 28

தம்பிக்கு,

சுகம் விசாரிக்க இன்றைக்கு மனசில்லை. இருந்தாலும் நீ சுகமாக இரு.

பெட்டியைக் கவிழ்ப்பதை நான் செப்டம்பரிலேயே விட்டுவிட்டேன். ஒவ்வொரு படகு வரும்போதும் பக்கத்தில் போய் நிற்பேன். பெரிய மீன் எது கண்ணில் பட்டாலும் தனியே எடுத்து வைக்கச் சொல்வேன். வேறு துறைமுகத்திலிருந்து வந்த பெட்டியிலும் எடுத்திருக்கிறேன். நம் படகுக்காரர்களே, "தம்பிக்கு ஒண்ணு" என்று கொண்டுவந்து என் பலகையில் வைத்துவிட்டுப் போவார்கள். வாரத்துக்கு நூறு சேர்ப்பது லேசான வேலை என்று நினைக்காதே. வாரம் முழுக்க இறங்குகிற மீனில் நூறு தேற்றுவதற்குள் எனக்கு முதுகு உடைந்துவிடும்.

கண்ணில் படவே இல்லையா என்று கேட்டாய். பட்டதையெல்லாம் எடுத்து அனுப்பினேன். வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து சொத்தையையா அனுப்புவார்கள்? உன் கோட்டுக்குப் பெரிய மீன் வேண்டும் என்றுதான் எனக்குப் புரிந்தது. அதை வைத்துத் தடையை எடுப்பார்கள் என்று யார் கண்டது?

ஒன்று கேட்கிறேன். ஆகஸ்டில் பொடிசு, செப்டம்பரில் ஏழு வயது. நீ படித்தவன், உனக்குச் சந்தேகமே வரவில்லையா? டிசம்பரில் எழுதினாயே, காரணம் எதுவாக இருந்தாலும் நல்லது என்று.

இப்போது படகுகள் பாதிப் பெட்டியோடு வருகின்றன. வயிற்றில் முட்டையோடு ஒரு சாண் மீன் வருகிறது. நான் அதை எடை போட்டுக்கொண்டு நிற்கிறேன். உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. உன்மேல் கோபம் இருக்கிறது, அதைவிட என்மேல் இருக்கிறது. என்ன செய்யலாம் என்று உடனே எழுது.

அக்கா


ஜூலை 30

தம்பிக்கு,

பதில் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? ஒரு வரி போடு.

அக்கா


நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ கோபமாக இருப்பாய் என்று தெரியும். எழுத உட்கார்ந்து எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஆய்வேட்டை ஏற்றுக்கொண்டார்கள். கேள்வி கேட்க வந்தவர்கள் வளர்ச்சிக் கோட்டைப் பாராட்டினார்கள். சராசரிதான் முதலில் கை தட்டினார். அன்றிரவு விடுதிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், சந்தோஷத்தில் என்று பக்கத்து அறைக்காரன் நினைத்துக்கொண்டான்.

பத்திரத்தில் எழுதிக் கொடுத்தபடி வேலைக்கும் போட்டுவிட்டார்கள். துறையில் கணிப்புப் பிரிவு. துறைமுகங்களிலிருந்து வரும் கடிதங்களைப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுவது, அளவுகளைச் சேர்ப்பது, அடுத்த வருடம் எவ்வளவு பிடிக்கலாம் என்று எழுதி மேலே அனுப்புவது, எல்லாம் நான்தான். முன்னால் இருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். நான்காவது மாடி, இரண்டு ஜன்னல். திறக்கத் தோன்றவில்லை.

நான் யோசித்துவிட்டேன் அக்கா. இப்போது சொன்னால் என் பட்டம் போகும், வேலை போகும். அது மட்டுமல்ல, அளந்தது யார் என்று முதலில் உன்னைத்தான் கேட்பார்கள். நிரந்தரமாக்கிய வேலையைப் பிடுங்குவார்கள். புது வலை வாங்கிய ஒவ்வொரு படகுக்காரனும் நம் வாசலில் வந்து நிற்பான். வாலு பள்ளிக்கூடம் போக வேண்டாமா?

அதனால் ஒன்று சொல்கிறேன். நீ முன்போலவே அனுப்பு. அதே மாதிரி பெரிய மீனாக. ஒரேயடியாகப் பொடிசு வந்தால் யாராவது பழையதை எடுத்துப் பார்ப்பார்கள். வருடத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்துக் காட்டி, மூன்று நான்கு வருடத்தில் தடையை நானே திரும்பக் கொண்டுவந்துவிடுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

தம்பி


டிசம்பர் 3

அனுப்புநர்:
எடை போடுபவர், மீன் ஏலக்கூடம்

பெறுநர்:
அலுவலர் அவர்கள், கணிப்புப் பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் நலம் என நம்புகிறேன். இந்தக் கடிதத்தைத் தங்கள் பதிவேட்டில் ஏற்றும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வருடம் செப்டம்பர் முதல் இந்த வருடம் மே வரை இந்தத் துறைமுகத்திலிருந்து அனுப்பப்பட்ட கோட்டு மீன் அளவுகள் அனைத்தும் நான் பொறுக்கி எடுத்த பெரிய மீன்களின் அளவுகள். அவை இங்கே இறங்கும் மீனின் உண்மை நிலையைக் காட்டவில்லை. அவற்றை வைத்துப் போட்ட கணிப்பு தவறு, அந்தக் கணிப்பை வைத்துத் தடையை நீக்கியதும் தவறு. யாரும் கேட்டு நான் இப்படிச் செய்யவில்லை. யாரும் இதை மறைக்கச் சொல்லவும் இல்லை.

இந்த வாரம் பெட்டியைக் கவிழ்த்து, கைக்கு வந்தபடி அளந்த நூறு மீனின் நீளமும் செவிக்கல்லும் இத்துடன் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால் தங்களுக்கே புரியும்.

ஏலக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லிவிட்டேன். இதன் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். சங்கத்தார் என்னை வேலையிலிருந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். என் கணவர் படகிலேயே படுத்துக்கொள்கிறார், வீட்டுக்கு வருவதில்லை. இதையெல்லாம் தங்கள் இரக்கத்துக்காக எழுதவில்லை. முட்டைக் காலம் வர இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது, அதற்குள் தடை வர வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கடிதம் கிடைத்ததற்கு ரசீது அனுப்பக் கோருகிறேன்.

இப்படிக்கு,
மீன் அளந்தவர்


டிசம்பர் 11

கணிப்புப் பிரிவு
பொருள்: மனு பெற்றுக்கொண்டமை

தங்கள் மனுவும் செவிக்கற்களும் கிடைத்தன. மனு பதிவேட்டில் ஏற்றப்பட்டு, முட்டைக் காலத் தடையை உடனே திரும்ப விதிக்கலாம் என்ற குறிப்புடன் மேலதிகாரிக்கு இன்று அனுப்பப்பட்டது.

மனுவில், யாரும் கேட்டுச் செய்யவில்லை, யாரும் மறைக்கச் சொல்லவில்லை என்று வரும் இரண்டு வரிகளும் உண்மையல்ல என்பது இப்பிரிவுக்குத் தெரியும். கேட்டவரும் மறைக்கச் சொன்னவரும் கீழே கையொப்பமிட்டுள்ள அலுவலரே. இதுவும் குறிப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. அவர் நவம்பர் 10ஆம் தேதி தங்களுக்கு எழுதிய கடிதம் தங்களிடம் இருக்குமானால், அதை விசாரணைக்காக மேலதிகாரிக்கு நேரடியாக அனுப்பிவைக்கவும்.

(கையொப்பம்)
அலுவலர்

அக்கா, பயமாக இருக்கிறது. கிழிக்காமல் வைத்திருந்தால் அனுப்பிவிடு.